முகத்துக்கு நிழல்... நகைக்கு வெளிச்சம்... பழைய கொலு பொம்மைக்குப் புது உயிர் கொடுக்கலாம் வாங்க!

திண்டிவனத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நவராத்திரிக்கு இன்னும் மூன்று வாரம். பரணிலிருந்து தகரப் பெட்டி இறங்குகிறது. பழைய வேட்டித் துணியில் சுற்றிவைத்த பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. மகாலட்சுமிக்கு மூக்கு நுனியில் வண்ணம் உதிர்ந்திருக்கிறது. கிரீடம் கறுத்துப்போய் இருக்கிறது.

"நானே பெயின்ட் பண்ணிடறேன் பாட்டி" என்கிறாள் காலேஜ் படிக்கும் பேத்தி. 'ஸ்கின் கலர்' என்று எழுதிய ஒரு டப்பா, 'கோல்டு' என்று எழுதிய ஒரு டப்பா. ஒரே மணி நேரத்தில் வேலை முடிகிறது.

பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறார். "பளிச்சுன்னுதான் இருக்கு கண்ணு. ஆனா, இது நம்ம லட்சுமி இல்லையே..."

இந்த ஏமாற்றம் பல வீடுகளுக்குப் பழக்கமானதுதான். பேத்தி பூசிய நிறத்தில் பெரிய தவறில்லை. பழைய முகத்தில் இருந்த நிழல்தான் அந்த ஒற்றை நிறத்துக்கு அடியில் காணாமல் போய்விட்டது. பொம்மைக்கு வண்ணம் தீட்டுவதில் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று சருமம், இன்னொன்று தங்கம். இந்த இரண்டையும் சரிசெய்யத் தெரிந்தால், மற்றதெல்லாம் சுலபம்.

கூழில் பிறக்கும் முகம்

திண்டிவனத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே விழுப்புரம். அதை அடுத்த அய்யங்கோவில்பட்டு கிராமம் காகிதக் கூழ் விநாயகர் சிலைகளுக்குப் பெயர் பெற்றது. இந்தப் பக்கம் பண்ருட்டி, அந்தப் பக்கம் வில்லியனூர் என்று சுற்றுவட்டாரம் முழுக்கவே பொம்மையும் மண் சிற்பமும் செய்யும் கைகள் உண்டு.

காகிதக் கூழ் பொம்மை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால், அதற்கு ஏன் கவனமாக வண்ணம் பூச வேண்டும் என்பதும் புரியும். பழைய காகிதத்தை ஊறவைத்து அரைக்கிறார்கள். அதில் மரவள்ளிக் கிழங்கு மாவுப் பசையும் சாக் பவுடரும் சேர்த்துப் பிசைகிறார்கள். அச்சில் அழுத்தி எடுத்து வெயிலில் காயவைத்து, முன்பாதியையும் பின்பாதியையும் ஒட்டுகிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை அடித்த பிறகுதான் வண்ணத்தின் முறை.

இந்தப் பொம்மை எடை குறைவு, கைதவறி விழுந்தாலும் மண் பொம்மை போல நொறுங்காது. 2020-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதல்கள், நீரில் கரைக்கும் சிலைகளுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடாது என்று சொன்ன பிறகு, காகிதக் கூழுக்கும் களிமண்ணுக்கும் மதிப்பு கூடியது.

ஆனால், அச்சில் எடுத்த பொம்மைகள் எல்லாம் ஒரே முகத்தோடுதான் பிறக்கும். ஒன்றைச் சிரிக்கவைப்பதும் மற்றொன்றை முறைக்கவைப்பதும் தூரிகைதான். சீஸன் நெருக்கடியில் ஸ்பிரே அடித்து முடித்த பொம்மையையும், கையால் தீட்டிய பொம்மையையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சட்டெனத் தெரியும். கையால் தீட்டியதன் கன்னத்தில் லேசான சிவப்பு, கழுத்து மடிப்பில் ஒரு பழுப்புக் கோடு, மூக்குப் பக்கம் மெல்லிய நிழல் இருக்கும். கூடுதல் விலை அந்தக் கோடுகளுக்குத்தான்.

'ஸ்கின் கலர்' யாருடைய ஸ்கின்?

கடையில் கிடைக்கும் 'ஸ்கின் கலர்' டப்பாவைத் திறந்தால், பெரும்பாலும் வெளிறிய ரோஸ் நிறம் இருக்கும். அது யாருடைய தோல்? அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் இதே நிறத்துக்கு 'ஃபிளெஷ்' என்று பெயர் வைத்திருந்தது. எல்லோருடைய சருமமும் அந்த நிறம் இல்லையே என்ற எண்ணம் வலுத்த காலத்தில், 1962-ல் அதை 'பீச்' என்று மாற்றியது. நம் ஊரில் அந்தப் பெயர் இன்னும் டப்பாக்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழில் சரும நிறத்துக்கு எத்தனை சொற்கள்! மாநிறம், சந்தன நிறம், எலுமிச்சை நிறம், கோதுமை நிறம், கருப்பு. கொலுவில் வரும் செட்டியாரும், காய்கறி விற்கும் அம்மாவும், மேளக் கச்சேரிக்காரர்களும் ஒரே ரோஸ் நிறத்தில் இருந்தால், அவர்கள் நம் தெருவில் பார்த்த மனிதர்களாகத் தெரிவார்களா? வீட்டுக் கொலுவைப் பார்த்து வளரும் குழந்தைக்கு, தன் நிறத்தில் ஒரு பொம்மையாவது படியில் இருக்க வேண்டாமா?

நம் கண்ணில் பதிந்திருக்கும் தெய்வ முகங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ரவி வர்மா 1894-ல் அச்சகம் தொடங்கி, தெய்வப் படங்களை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தார். பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் காலண்டர் படங்களால் தமிழ் வீடுகளை நிறைத்தார்கள். அந்த முகங்கள் உயிரோடு தெரிவதற்குக் காரணம் நிறம் மட்டுமல்ல. கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கும்போது ஒரு நிறம் இன்னொன்றாக மெதுவாக மாறும் அழகு அது.

சருமம்: மூன்று கிண்ணம் போதும்

கண்ணாடியில் உங்கள் முகத்தையே பாருங்கள். நெற்றி கொஞ்சம் மஞ்சள் சாயல். கன்னம், மூக்கு நுனி, காது மடல் சிவப்புச் சாயல். தாடைக்குக் கீழே கொஞ்சம் மங்கல். ஒரே முகத்தில் இத்தனை நிறம் இருக்க, பொம்மைக்கு மட்டும் ஒன்று போதுமா?

பழகுவதற்குச் சரியான ஆள் செட்டியார் பொம்மைதான். சட்டை போடாத உடம்பு, உருண்டை வயிறு, மடிந்த கை. நிழலும் வெளிச்சமும் எங்கே விழும் என்று அவரே காட்டிக்கொடுப்பார்.

அக்ரிலிக் கலரில் மஞ்சள் காவி, செங்காவி, அடர் பழுப்பு, வெள்ளை, கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் நீலம் இருந்தால் போதும். கடையில் முதல் மூன்றை யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர் என்று கேட்டு வாங்குங்கள்.

முதல் கிண்ணம், அடிப்படை நிறம். மாநிறத்துக்கு மஞ்சள் காவியும் செங்காவியும் கலந்து, துளி வெள்ளை சேர்க்கவும். இதைப் பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று முறை மெல்லிசாகப் பூச வேண்டும். ஒரே தடவையில் கெட்டியாகப் பூசினால், செதுக்கிய மூக்கும் இமையும் வண்ணத்துக்குள் புதைந்துவிடும். பாட்டிக்கு முகம் மாறித் தெரிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது கிண்ணம், நிழல். இங்கேதான் பலரும் கறுப்பைத் தொட்டுவிடுவார்கள். கறுப்பு கலந்தால் சருமம் அழுக்கானது போலத் தெரியும். அதற்குப் பதிலாக அடிப்படை நிறத்தில் அடர் பழுப்பும், ஊசி முனை அளவு நீலமும் சேர்க்கவும். நிறையத் தண்ணீர் விட்டு, டீத்தண்ணி போல ஆக்கிக்கொள்ளுங்கள். கழுத்து மடிப்பு, கண் குழி, விரல் இடுக்கு, தொப்புள், ஆடை விளிம்பு ஆகிய இடங்களில் தூரிகை நுனியால் தொட்டால், அது தானாக ஓடிப்போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். மேட்டில் தேங்கினால், காய்வதற்குள் ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்துவிடலாம்.

மூன்றாவது கிண்ணம், வெளிச்சம். வெள்ளையை மட்டும் கலந்தால் சருமம் சாம்பல் பூத்துவிடும். மாநிறத்துக்கும் கருப்புக்கும் இது இன்னும் மோசமாகத் தெரியும். வெள்ளையோடு மஞ்சள் காவியும் சேர்த்தால் வெயில் பட்ட சருமம் கிடைக்கும். நெற்றி நடு, மூக்குத் தண்டு, கன்ன மேடு, தோள், செட்டியாரின் வயிற்று மேல்பாதி... இங்கே மட்டும் போதும்.

கடைசியாக, அடிப்படை நிறத்தில் துளி சிவப்பு கலந்து, தண்ணீராக்கிக் கன்னத்திலும் காது மடலிலும் உதட்டிலும் ஒரு தொடல். செட்டியார் மூச்சு விடுகிறாரா என்று சந்தேகம் வந்துவிடும்!

கிருஷ்ணருக்கும் ராமருக்கும் இதே கணக்குதான். நீலச் சருமத்தின் நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், ஊதா சேருங்கள். கன்னத்தில் மெல்லிய ரோஸ் கொடுங்கள். பச்சை மீனாட்சிக்கு நிழலில் நீலம், வெளிச்சத்தில் மஞ்சள். மரப்பாச்சிக்கு மட்டும் எதுவும் வேண்டாம். அந்தச் செம்மரத்தின் நிறமே அதன் சருமம்.

கூத்து மேடை சொல்லும் பாடம்

வண்ணம் பூசிய முகம் என்றால், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தெருக்கூத்து. வேஷம் போடுவதை 'அரிதாரம் பூசுவது' என்று இன்றும் சொல்கிறோம். அரிதாரம் என்பது மஞ்சள் நிறத் தாதுப்பொருள். அதில் ஆர்சனிக் இருக்கிறது. முகத்துக்குச் சரும நிறம் கொண்டுவர ஒரு காலத்தில் அதைத்தான் குழைத்துப் பூசினார்கள். பொருள் மாறிவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கூத்துக் கலைஞரின் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பாருங்கள். லேசான மரத்தில் செதுக்கி, மினுங்கும் தாளும் கண்ணாடித் துண்டுகளும் பதித்தவை. முழுக்கத் தங்க நிறமாகவும் இருக்காது. இடையிடையே சிவப்பு, பச்சை, கறுப்பு வரும். இருட்டில், ஒற்றை விளக்கில் ஆடும்போது அந்த அடர்நிறங்களுக்கு நடுவேதான் மினுக்கம் எழும்பித் தெரியும். இருட்டு பக்கத்தில் இருந்தால்தான் தங்கம் மின்னும். பொம்மையின் நகைக்கும் இதேதான் விதி.

தங்கம்: மஞ்சளில் இல்லை மினுக்கம்

ஒரு தங்க வளையலைக் கையில் எடுத்துப் பாருங்கள். அது முழுக்க மஞ்சளாகவா இருக்கிறது? ஓரத்தில் செம்பழுப்பு. நடுவில் பொன். வெளிச்சம் படும் ஒரே ஒரு புள்ளி கிட்டத்தட்ட வெள்ளை. இந்த மூன்றும் அருகருகே இருப்பதால்தான் கண் அதை உலோகம் என்று நம்புகிறது. டப்பாவிலிருந்து எடுத்த 'கோல்டு' கலரைக் கிரீடம் முழுக்க ஒரே மாதிரிப் பூசினால், அது தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் போலத்தான் தெரியும்.

முதலில், தங்கம் வரவேண்டிய இடம் முழுக்கச் செங்காவி பூசுங்கள். தங்கத் தாள் ஒட்டும் மேல்நாட்டுக் கலைஞர்களும் காலம்காலமாகச் செம்மண் பூச்சின் மேல்தான் தாளை ஒட்டினார்கள். அடியில் இருக்கும் சிவப்பு, தங்கத்துக்கு ஒரு சூட்டைத் தரும். வெள்ளைப் பூச்சின் மேல் நேரடியாகப் பூசினால் தங்கம் வெளிறிப்போகும். ஒரே சீராகவும் பரவாது.

செங்காவி காய்ந்ததும் தங்க நிறம். பள்ளங்களை விட்டுவிட்டு, மேடுகளில் மட்டும் பூசுங்கள். பிறகு அடர் பழுப்பைத் தண்ணீராக்கி, வேலைப்பாடுகளின் இடுக்கில் ஓடவிடுங்கள். காய்ந்ததும் ஒரு பழைய, மொட்டைத் தூரிகையில் தங்கத்தையும் கொஞ்சம் வெள்ளியையும் தொட்டு, துணியில் கிட்டத்தட்ட முழுசாகத் துடைத்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் அந்தத் துளி வண்ணத்தோடு நகையின் மேடுகளை லேசாக உரசுங்கள். முத்து வரிசையும் கிரீடத்தின் நுனியும் எழும்பி வரும்.

தஞ்சாவூர் ஓவியத்தில் நகையைச் சுண்ணப் பசையால் மேடாக்கி, அதன் மேல் தங்கத் தாள் ஒட்டுவதன் ரகசியமும் இதுதான். மேடு இருந்தால் பக்கத்தில் நிழல் விழும். நிழல் இருந்தால் தங்கம் தெரியும்.

அது சரி, பழைய கிரீடம் ஏன் கறுத்தது? பல தங்கத் தூள்களில் இருப்பது செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தூள். காற்றும் ஈரமும் பட்டால், பூஜை அறை விளக்கு கறுப்பது போலவே அதுவும் கறுக்கும். மைக்கா தூளில் செய்த தங்க நிறங்கள் அப்படிக் கறுப்பதில்லை. வாங்கும்போது டப்பாவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலகம் முழுக்க இதே பாடம்

இது கொலு வீடுகளின் கவலை மட்டுமல்ல. 1983-ல் இங்கிலாந்தில் வந்த 'வார்ஹாமர்' என்ற விளையாட்டு, மாயக் கதைகளின் வீரர்களையும் அரக்கர்களையும் சுமார் ஓர் அங்குல உயரச் சிற்பங்களாக்கி மேசையில் நிறுத்தியது. அந்தக் குட்டி முகங்களுக்கு வண்ணம் தீட்டுவதே இன்று பல நாடுகளில் தனிப் பொழுதுபோக்கு.

அவர்கள் பேசும் 'வாஷ்', நாம் பள்ளத்தில் ஓடவிட்ட டீத்தண்ணி. 'டிரை பிரஷ்', நாம் மொட்டைத் தூரிகையால் உரசியது. இன்னொரு வித்தையும் உண்டு. பொம்மை முழுக்க முதலில் கறுப்பு அடித்து, பிறகு உச்சந்தலைக்கு மேலிருந்து மட்டும் வெள்ளை ஸ்பிரே அடிப்பார்கள். உச்சி வெயில் எங்கே விழும், நிழல் எங்கே தங்கும் என்று பொம்மையே காட்டிவிடும். அதன் மேல் மெல்லிசாக வண்ணம் பூசினால் பாதி வேலை முடிந்தது. தங்க நிறமே தொடாமல், பழுப்பு, மஞ்சள், வெள்ளை மூன்றையும் வைத்தே வாளையும் கவசத்தையும் மின்னவைப்பவர்களும் இருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால், 600 ஆண்டுகளுக்கு முந்தைய இத்தாலிய ஓவியர்கள், மாதா முகத்துக்கு முதலில் பச்சை மண் நிறத்தைப் பூசி, அதன் மேல் ரோஸ் நிறத்தைப் படரவிட்டார்கள். தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவது போன்ற குளிர்ச்சி அதில் கிடைத்தது. ஊர் எதுவானாலும், சருமம் அடுக்கடுக்காகத்தான் உருவாகிறது.

வார்னிஷில் கவிழும் வேலை

இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் பலர் செய்யும் தவறு, பொம்மை முழுக்கப் பளபளப்பு வார்னிஷ் அடிப்பது. சருமம் வெளிச்சத்தை உள்வாங்கும், உலோகம் திருப்பி அடிக்கும். இரண்டும் ஒரே மாதிரி பளபளத்தால், முகம் வியர்த்தது போலவும், நகை பிளாஸ்டிக் போலவும் ஆகிவிடும்.

எனவே முகம், கை, உடம்புக்கு மினுக்கம் இல்லாத மேட் வார்னிஷ். நகைக்கும் கிரீடத்துக்கும் மட்டும் சின்னத் தூரிகையால் பளபளப்பு வார்னிஷ். கண்மணிக்கும் ஒரு துளி பளபளப்பு வைக்கலாம், பார்வை உயிர் பெறும். வண்ணம் பூசி ஒரு முழு நாள் காயவைத்த பிறகே வார்னிஷைத் தொடுங்கள். கண் எழுதுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோயில் சிற்பிகளும் கண் திறப்பதைக் கடைசியில்தானே செய்கிறார்கள்?

தொடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

காகிதக் கூழ் பொம்மையைத் தண்ணீரில் கழுவவே கூடாது. ஊறி, உருக்குலைந்துவிடும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டினாலே பாதி பொலிவு திரும்பிவிடும்.

பழைய வண்ணத்தை உப்புத்தாள் போட்டுச் சுரண்டாதீர்கள். வீட்டு பெயின்ட்டுகளில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-மைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-ல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். சுரண்டும் தூசி குழந்தைகளின் உடம்புக்குள் போவது ஆபத்து. உதிரும் வண்ணத் துகளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, குப்பையில் போட்டு, கையைக் கழுவுங்கள்.

எந்தக் கலவையையும் முதலில் பொம்மையின் முதுகுப் பக்கம், அடிப்பகுதியில் பூசிக் காயவைத்துப் பாருங்கள். காய்ந்ததும் அக்ரிலிக் ஒரு சாயல் கறுத்துத் தெரியும்.

மிக முக்கியமாக, முழுப் பொம்மைக்கும் புதிதாகப் பூச வேண்டிய தேவை இருக்கிறதா என்று யோசியுங்கள். மூக்கு நுனியில் மட்டும் உதிர்ந்திருந்தால், பக்கத்து நிறத்துக்குப் பொருத்தமாகக் கலந்து, அந்த இடத்தை மட்டும் தொட்டால் போதும். பொம்மைக்குப் படம் வரைந்த கை இன்று இல்லாமல் போயிருக்கலாம். அந்த விரல்களின் வேலை அந்த முகத்தில் மட்டும்தான் மிச்சம் இருக்கும். அதன் மேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. பெரிய சேதமென்றால், பொம்மை செய்பவர்களிடமே கொடுத்துச் சரிசெய்வது நல்லது. நவராத்திரிக்கு முந்தைய வாரம் போய் நிற்காமல், ஆடி மாதத்திலேயே கொடுங்கள்.

புதுப் பொம்மை வாங்கும்போதும் இந்தக் கண்ணோடு பாருங்கள். கழுத்து மடிப்பில் நிழல் இருக்கிறதா? நகையின் இடுக்கில் அடர்நிறம் இருக்கிறதா? இரண்டும் இருந்தால், அங்கே ஒருவர் உட்கார்ந்து கையால் தீட்டியிருக்கிறார் என்று அர்த்தம். பேரம் பேசுவதற்கு முன் அந்தக் கையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்துப் பேத்திக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. லட்சுமியின் கழுத்தில் கொஞ்சம் பழுப்பு, கன்னத்தில் துளி சிவப்பு, கிரீடத்தின் இடுக்கில் ஒரு கோடு நிழல் வந்துவிட்டால், அந்தப் பழைய முகம் முழுசாகத் திரும்பாவிட்டாலும் அதன் சாயல் எட்டிப்பார்க்கும். படியில் ஏற்றி, விளக்கு வைத்த பிறகு பாட்டியிடம் காட்டினால் போதும்!